மாமா செய்த ரிக் வண்டி

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வீடியோ கேம் பெட்டியில், கட்டைவிரல் நகம் அளவுள்ள லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுங்க மேடம், இந்த வயசுல" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்த லாரியைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சின்னப் பெண். நீங்கள் அப்படியில்லை. பென்சில் பேட்டரி தீர்ந்துபோனால் அதை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லலாம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு ரிக் வண்டியைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற இயந்திரத்தையும், துளை போடும்போது நிமிர்த்தி நிறுத்துகிற 'டவர்' என்ற இரும்புச் சட்டத்தையும் முதுகில் சுமந்துகொண்டு போகும் பெரிய லாரி அது. எங்கள் ஊர் வண்டிகள் மழை ஓய்ந்ததும் வடக்கே கிளம்பிவிடும். மகாராஷ்டிரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடிவிட்டு, அடுத்த மழை விழும்போதுதான் திரும்பும். எங்கள் அப்பா அப்படி ஒரு வண்டிக்கு டிரைவர். வண்டி பெரியப்பாவுடையது. அப்பாவின் உடன்பிறந்த அண்ணன்.

ஆகவே எனக்கு அப்பா என்றால் மழைக்காலம்தான். டீசலும் கிரீசும், கல்லைப் பொடித்தால் வரும் அந்த வெள்ளை மாவின் வாசனையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலின் பின்னால் அந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுப்பேன். கம்ப்ரசர் சத்தத்திலேயே கிடந்து அவருக்குக் காது பாதி போயிருந்தது. அவரிடம் பேசுவதென்றால் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேச வேண்டும். அதனாலேயே எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க எல்லோரும் சண்டை போடுகிற மாதிரி கேட்கும்.

நான் எட்டாவது போன வருஷம் அவர் வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். ராய்ப்பூரில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினாராம். சாம்பல் நிறம். செங்கல் மாதிரிக் கனம். திரை, பாசி பிடித்த வாய்க்கால் தண்ணீரின் பச்சை. அதற்கென்று வெளிச்சம் கிடையாது. வெயில் இருக்கும் பக்கம் திருப்பித் திருப்பிப் பிடித்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். கூடவே ஒரே ஒரு கேசட். மேலே ஏதோ ஜப்பான் எழுத்து. குழாய்களுக்கு நடுவே ஒரு தவளை தாவிக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்தில் எனக்கு அது சலித்துப்போனது.

சலித்துப்போகாதவர் மாமா. அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வந்தபோது அவரையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். சீர்ச் சாமானோடு சேர்ந்து மச்சினனும் இறங்கினான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "நான் பாதி வருசம் ஊட்டுல இல்ல. உங்கக்காளுக்கு ஒரு தொணையாச்சு" என்பார். இஞ்சினியரிங் காலேஜில் சேர்த்துவிட்டதும் அப்பாதான். மாமா அரியர் வைத்துக்கொண்டு, முடிக்காமல் வீட்டில் இருந்தார். டிரில் ராடுகளும் ஆயில் டிரம்மும் கிடக்கும் குடோனை ஒட்டிய அறையில், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். பெரியப்பாவின் கணக்கில் அவர் உருப்படாத பையன்.

பெட்டியை அவர் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது நான் அழுதேன். அவர் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "இதுவும் ஒரு கம்ப்யூட்டருதான் கண்ணு. எங்கியோ ஒருத்தன் எழுதிக் குடுத்ததத்தான் இது செய்யுது. நாம எழுதிக் குடுத்தாலும் செய்யும்."

எழுதினார். வெளிநாட்டில் சில பேர் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குத் தாங்களே வீட்டில் விளையாட்டு செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று திருச்செங்கோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார். காலேஜில் அவருக்கு மூத்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதி அழிக்கிற மாதிரி வெறும் கேசட் ஒன்றை அனுப்பினார். அதில் எழுதுவதற்கான மெஷினைச் சேலத்தில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வந்தார். எனக்கு அப்போது இதெல்லாம் புரியவில்லை. மாமா கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி ஒரு லாரி வரைந்தது மட்டும் புரிந்தது. எங்கள் ரிக் வண்டி!

அப்பா பின்னால் நின்று பார்ப்பார். வெளியே மழை தகர ஓட்டில் விழுந்துகொண்டிருக்கும்.

"மாப்ள, டவரு நிக்கக் கூடாது. வண்டி ஓடறப்போ படுத்திருக்கோணும்."

"சரிங்க மச்சான்."

"கம்ப்ரசரு இந்தப் பக்கம் வரோணும்."

"அதுக்குக் கட்டம் பத்தாதுங்க மச்சான்."

"என்ன?"

"கட்டம் பத்தாதுங்க!"

"அப்பச் செரி. கம்ப்ரசரு இல்லாமப் போச்சுன்னா நல்லதுதான். சத்தமில்லாம இருக்கும்."

இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விளையாட்டின் பெயர் 'தண்ணி'. தமிழ் எழுத்து அந்தக் கட்டங்களில் அடங்காததால் இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார். மலைப் பாதையில் மூன்று வளைவு. வண்டியை உருட்டாமல் இறக்கி ஒரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே போய் நிறுத்தி டவரைத் தூக்கித் துளை போட வேண்டும். வேகம் கூடினால் வண்டி குப்புற விழுந்துவிடும். சக்கரங்கள் மேலே பார்த்துச் சுற்றும். அப்போது மட்டும் ஒரு சின்ன இசை வரும். கல்யாண மண்டபத்து நாதஸ்வரம் தொண்டை கட்டிப்போன மாதிரி ஒரு இசை. அதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அப்பாவுக்கு அது கேட்காது. "என்ன பாட்டு சாமி வருது? பாடிக் காட்டு" என்பார். நான் பாடுவேன். அதிலும் திருப்தி இல்லாமல் ஒரு நாள் பெட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு வண்டியைக் கவிழ்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. எலும்பு வழியாகக் கேட்டதாம். அதற்குப் பிறகு அவர் விளையாடும்போதெல்லாம் வாயில் பெட்டியோடுதான் இருப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முதல் வளைவை எல்லோரும் தாண்டிவிடுவோம். இரண்டாவது வளைவை ஒருவராலும் தாண்ட முடியவில்லை. ஆமை மாதிரி ஓட்டினாலும் வண்டி கவிழ்ந்தது. "எத்தன மலை எறக்கிருக்கறேன். இந்த வெரல் தண்டி வளைவு என்னயக் கவுத்துப் போடுது பாரு" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கிளம்புவதற்கு முதல் நாள் மாமா குடோன் அறையிலிருந்து ஓடி வந்தார். "மச்சான், தப்பு உங்க மேல இல்ல. எம்மேலதான். கணக்குல ஒரு நம்பரு பிசகிப் போச்சுங்க. எப்படி ஓட்டுனாலும் அந்த எடத்துல கவுந்துரும். மெசினத் திருப்பிக் குடுத்துட்டேன். நீங்க அடுத்த வாட்டி வாரதுக்குள்ள சரி பண்ணி வெக்கறேன்."

"இருக்கட்டும் மாப்ள" என்றார் அப்பா. "கவுந்தாத்தான அந்தப் பாட்டு வருது."

ஆயுத பூஜை முடிந்து வண்டிகள் கிளம்பின. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி நசுக்கிய வாசனை, ஊதுவத்தி, டீசல் புகை. அப்பா மேலே உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயில் எதையோ கடிப்பது போலக் காட்டினார். எனக்கு மட்டும் புரிந்தது.

மார்கழியில் ஒரு காலை. பால் ஊற்றிவிட்டு வந்த அம்மா பால் பாத்திரமான போசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்தார். எப்போதும் வாசலில் இருந்தே இருமிக்கொண்டு வருகிறவர், அன்று சத்தமில்லாமல் வந்து ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒடிசாவில் ஒரு மலை இறக்கத்தில் வண்டி உருண்டுவிட்டது என்றார். கூட இருந்த ஆட்கள் குதித்துவிட்டார்கள். அப்பா குதிக்கவில்லை.

அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "அவருக்கு யாராச்சும் சத்தம் போட்டுச் சொன்னாங்களா? அவருக்குக் காது கேக்காதுங்களே." அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உங்களில் பலருக்கும் அப்படி ஒரு பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் ரிக் ஓட்டுகிற குடும்பங்களுக்கு இது புதிதில்லை. காரியத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உறவெல்லாம் வந்திருந்தது. ஆசாரம் நிறைய ஜனம். அம்மா மூலையில் வெள்ளைச் சீலையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு அடங்கிப்போன ஒரு நேரம். அப்போது அந்தப் பாட்டு கேட்டது. தொண்டை கட்டிய நாதஸ்வரம். வந்த பிள்ளைகளில் ஒன்று அலமாரிமேல் இருந்த பெட்டியை எடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளை பெரியப்பாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். திரையில் எங்கள் ரிக் வண்டி மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"என்னது இது?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

யாரோ சொன்னார்கள், மாமா செய்தது என்று. இன்னும் யாரோ சொன்னார்கள், அப்பா மழைக்காலம் பூராவும் இதைத்தான் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடினார் என்று. அதைச் சொன்னவர்களுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னார்கள்.

பெரியப்பா மாமாவின் கன்னத்தில் அறைந்தார். மாமா அசையவில்லை. மறுபடி அறைந்தார். "எந்தம்பி உசுரு உனக்கு வெளையாட்டாடா? வண்டியக் கவுத்து, அதுக்குப் பாட்டு வேற வெச்சிருக்கறான் பாருங்க! தெனமும் கவுத்தா நெசத்துல கவுறாம என்ன பண்ணும்? கெரகத்தக் கையாலயே செஞ்சு குடுத்திருக்கறான். சோறு போட்ட ஊட்டுக்கு!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதில் தலையாட்டாதவர்கள் குறைவு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், பெரியப்பா சொந்த வண்டியிலேயே போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் வராத போர்க்குழி ஒன்று இருந்தது. மேலே கல் வைத்து மூடியிருப்பார்கள். அவர் அந்தக் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் பெட்டியை உள்ளே போட்டார். குழாயில் மோதி மோதிப் போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கடைசியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அது விழுந்ததா, இல்லை நடுவிலேயே எங்கோ மாட்டிக்கொண்டதா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

"இவன் இனி இந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்றார்.

மாமா அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார். "அக்கா" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். "நீ சொல்லு அக்கா, போறேன்" என்றார். அம்மா நிமிரவில்லை. மாமா எழுந்து போய் ஒரு பையில் துணிகளைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மா அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா எங்களைக் கைவிடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். அம்மாவுக்கு ஒரு குறை வைத்ததில்லை. அந்த விபத்துக்குப் பிறகு மிச்சமிருந்த வண்டியையும் விற்றுவிட்டு விவசாயத்தோடு நின்றுகொண்டார். சாலையில் ரிக் வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமா ஓமலூரில் ஏதோ கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் கல்யாணப் பத்திரிகை வந்தது. நாங்கள் போகவில்லை. வீட்டில் அவர் பெயர் பேச்சிலேயே வராது. போன வருஷம் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் நாமக்கல்லில், கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். சில மாதம் முன்னால் சேலத்தில் ஒரு கடைக்குப் போன் வாங்கப் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் அதே சாம்பல் நிறத்தில், அதே பொத்தான்களோடு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. புதிதாகச் செய்தது, திரைக்கு உள்ளேயே வெளிச்சம். கடைக்காரர் சொன்னார், பழைய விளையாட்டெல்லாம் இதில் ஓடும், இன்றைக்கும் உலகமெங்கும் ஆட்கள் இதற்குப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள், தொலைந்துபோனதைத் தேடிப் பிடித்து மீட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று. வாங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அப்படி மீட்கிறவர்களின் இணையப் பக்கம் ஒன்றில் கேட்டு எழுதினேன். மலைப் பாதை, லாரி, மூன்று வளைவு, தண்ணி என்று பெயர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். நம்பிக்கை எதுவும் இல்லை. கேசட் குழிக்குள் போய் எவ்வளவு காலம் ஆகிறது!

பதில் வந்தது. பனி விழும் ஒரு தேசத்திலிருந்து, ஏறக்குறைய நம் வயதுக்காரர் ஒருவர். அவரிடம் அது இருந்தது. மாமா அந்த நாளில் பிரவுசிங் சென்டரிலிருந்து வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அதை ஏற்றிவிட்டிருக்கிறார். அந்தத் தளம் எப்போதோ மூடிப்போனது. இவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போது அதை இறக்கி ஒரு சி.டி.யில் வைத்திருந்தார். அந்த சி.டி. கீறல் விழுந்து, பாதி படிக்காமல், நண்பர் ஒருவரின் உதவியோடு ரொம்பப் பாடுபட்டுத்தான் எடுத்தாராம். "இது என்ன வண்டி என்று நாங்கள் சிறுவயதில் பந்தயம் கட்டுவோம். ஏவுகணை வண்டி என்பது என் கட்சி. தயவுசெய்து சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். டவர் படுத்திருந்ததால் அப்படி நினைத்திருக்கிறார். என் அப்பா சொல்லிப் படுக்க வைத்த டவர்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். இரண்டாவது வளைவில் வண்டி எப்படி ஓட்டினாலும் கவிழ்கிறது, பெரியவனான பிறகு உள்ளே பிரித்துப் பார்த்தேன், ஒரே ஒரு எண் தவறு, மாற்றிவிட்டேன், இரண்டையும் அனுப்புகிறேன் என்று.

மாற்றியதைத்தான் முதலில் ஓட்டினேன். இரண்டாவது வளைவை வண்டி சாதாரணமாகத் தாண்டியது. மூன்றாவது வளைவையும் தாண்டி ஊர் வந்தது. டவரைத் தூக்கினேன். புள்ளி புள்ளியாகக் கல் மாவு பறந்தது. பிறகு தண்ணீர் பீய்ச்சியது. குச்சி மாதிரி மனிதர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். அவ்வளவுதான். மொத்தமும் ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. இத்தனூண்டு விளையாட்டு. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆபீஸ் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லாமல் ஓமலூர் போனேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு. மாமா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "மச்சான் சாடை அப்படியே இருக்குது" என்றார். அத்தை தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று உள்ளே போய்விட்டார். விளையாட்டை மீட்டு அனுப்பியவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, நான் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டினேன். மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தொடவில்லை. வண்டி இரண்டாவது வளைவைத் தாண்டியது.

"அவன் சரி பண்ணிட்டானா?"

"பண்ணிட்டாருங்க மாமா. ஒரே ஒரு நம்பரத்தான் மாத்துனாராம்."

"ஆமா" என்றார். "ஒரே ஒரு நம்பருதான்."

பிறகு தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார். "சேலம் போயிட்டு வர எவ்வளவு நேரமாகும்? மெசின வாங்கியாந்து அன்னைக்கே மாத்தியிருக்கலாம். அடுத்த வாட்டின்னு சொல்லிப்போட்டேன். மாத்தாமயே அனுப்பி வெச்சுட்டேன் மச்சான."

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. "மாமா, நீங்க படிச்சவரு. பெரியப்பா அழுகையில சொன்னத நீங்களுமா நம்பறீங்க?"

"நம்பல கண்ணு" என்றார். "நம்பாமயே பயந்துட்டு இருக்கறேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது நல்ல சீலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "லீவு சொல்லு. ஓமலூருக்குப் போகோணும்" என்றாள்.

மாமா கடையில் தனியாக இருந்தார். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றார். "வா அக்கா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"அந்த வண்டிக்கு பிரேக்கு புடிக்கலடா" என்றாள்.

மாமா இழுத்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"முந்துன நாளு எனக்குப் போனு பண்ணாரு. எறக்கத்துல பிரேக்கு புடிக்க மாட்டேங்குது, அண்ணங்கிட்டச் சொன்னேன், இந்த ஒரு போரு முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாருன்னாரு. எனக்கு அப்பவே தெரியும். உன்னய அவங்கண்ணன் அடிச்சப்பவும் தெரியும். நீ வந்து எம் முன்னால உக்காந்தப்பவும் தெரியும்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வாயத் தொறந்தா இவளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது? அந்த ஊட்ட உட்டா எனக்கு ஏது எடம்? இருந்துட்டேன். உன்னயப் போக உட்டுட்டு இருந்துட்டேன்."

எனக்கும் அதுவரை தெரியாது.

அப்போது பார்த்து ஒருவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு வந்தார். மாமா அதை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் நகல் எடுத்து, ஓரத்தைத் தட்டிச் சீராக்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு திரும்பினார்.

"எனக்கு ரெண்டு பசங்க அக்கா. நீ பாத்ததில்ல" என்றார். "சின்னதுல, அப்பா எங்களுக்கு ஒரு கேம் செஞ்சு குடுப்பான்னு கேப்பானுங்க. உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேப்பான்னு. ஒண்ணுகூடச் செஞ்சு குடுக்கல. ஒரு காத்தாடி ஒட்டிக் குடுத்ததில்ல. என் கையால எதாச்சும் செஞ்சு குடுத்து, அதுல அவனுகளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா... அவனுக கேக்கறதயே உட்டுட்டானுக. இப்ப ஒருத்தன் கோயமுத்தூருல, ஒருத்தன் பெங்களூருல."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டி அவர் கையைத் தொட்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. பற்றிக்கொள்ளவும் இல்லை. அத்தை உள்ளேயிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னாள்.

கிளம்பும்போது மாமா கார் வரைக்கும் வந்தார். அம்மா பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்தார்.

"அக்கா, நீ இனி இங்க வராத. கோவத்துல சொல்லல. உன்னயப் பாத்தா அந்த ஆசாரத்துல போயி உக்காந்துக்கறேன். எப்ப முடியுதோ அப்ப நானே வாரேன்."

"செரி சாமி" என்றாள் அம்மா.

சேலம் தாண்டினோம். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ராசிபுரம் வந்தபோதுதான் பேசினாள்.

"பாத்தியா, அவனுக்குத் தல பூராவும் நரைச்சுப் போச்சு" என்றாள்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.